மண் அணையா, ஈர்ப்பு அணையா? கொங்கு நாட்டு நில அதிர்வுக்கு எது ஏற்றது

1900 பிப்ரவரி 8 அன்று கோவையை உலுக்கிய நிலநடுக்கம் ரிக்டர் 6 அளவை ஒட்டியது. இந்தியாவின் 2002-ஆம் ஆண்டு நிலநடுக்க மண்டல வரைபடத்தில் கோவை மூன்றாம் மண்டலம். அங்கே எவ்வளவு ஆட்டத்தை எதிர்பார்க்க வேண்டும் என்று சொல்லும் மண்டலக் காரணி 0.16. இந்த ஆட்டத்துக்கு மேட்டூர் மாதிரி ஈர்ப்பு அணை தேவலையா, பவானிசாகர் மாதிரி மண் அணையா?

ஈர்ப்பு அணை தன் எடையால் நிற்பது. நிலம் ஆடினால் அந்த எடையே பக்கவாட்டு விசையாகும். தேங்கிய நீரும் கூடச் சேர்ந்து தள்ளும். 120 அடி ஆழத்துக்கு 0.16 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.16 பங்கு) முடுக்கம் வைத்தால், ஆட்டத்தில் நீர் தள்ளுவதைக் கணக்கிடும் வெஸ்டர்கார்டு சூத்திரப்படி அடியில் கூடும் அழுத்தம் 0.875 × 0.16 × 120 = 16.8 அடி நீருக்குச் சமம். இதைச் சேர்த்தே அடியகலம் போட்டுவிடலாம். சிக்கல் மேலே, கழுத்துப் பகுதியில். 1967 டிசம்பர் 11-இல் நிலநடுக்கத்தில் மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை விரிசல் விட்டது, பின்முகச் சரிவு (நீர் இல்லாத பக்கத்தின் சரிவு) மாறும் இடத்தை ஒட்டித்தான். உடையவில்லை, பிறகு பின்பக்கம் முட்டுச்சுவர் கட்டினார்கள். உச்சியில் தேவையில்லாத கனம் கூடாது, சரிவு சட்டென முறியக் கூடாது. அடியில் நல்ல பாறை இல்லையென்றால் இந்த வகையை மறந்துவிடலாம்.

மண் அணை வளைந்து கொடுக்கும், உச்சி கொஞ்சம் அமிழ்ந்தாலும் நிற்கும். ஆனால் அடியில் தளர்ந்த, நீரூறிய மணல் இருந்தால் ஆட்டத்தில் அது குழம்பாகிவிடும். 2001 பூஜ் நிலநடுக்கத்தில் கட்ச் பகுதி மண் அணைகள் பல இப்படித்தான் சேதமாயின. வறட்சியால் நீர் குறைவாக இருந்ததால் வெள்ளம் வரவில்லை. ஆகவே அந்த மணலைத் தோண்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வு கொடுத்து இறுக்க வேண்டும்.

அடுத்தது வடிகட்டி மணல், அதாவது அணையின் நடுவே நீரைத் தடுக்கும் களிமண் சுவருக்குப் பின்னால் போடும் மணல் அடுக்கு. களிமண் நடுச்சுவர் வெடித்தால் உயிர் காப்பது இதுதான். வடிகட்டியின் டி15 அளவு (எடையில் 15 சதவீதத் துகள்கள் இதைவிடப் பொடியாக இருக்கும்), அது காக்கும் மண்ணின் டி85-ஐப் (85 சதவீதம் இதைவிடப் பொடி) போல் 4 மடங்குக்குள் இருக்கட்டும். 75 மைக்ரானுக்குக் கீழான தூள் 5 சதவீதத்தைத் தாண்டினால் வடிகட்டியே ஒட்டிக்கொண்டு வெடிப்பைத் திறந்தபடி வைத்திருக்கும். கழுவாத எம்-சாண்டை இங்கே கொட்டுவது அடாவடி. மண்கரை கற்கட்டோடு சேரும் மூலையில் ஈரப்பதம் கூடிய களியும், அகலம் கூட்டிய வடிகட்டியும் வேண்டும்.

கெட்டிப் பாறையும் குறுகிய பள்ளத்தாக்கும் கிடைத்தால் ஈர்ப்பு அணை. சமவெளியில், அடிமணலைச் சரிசெய்த பிறகு, மண் அணைக்கே என் ஓட்டு.

ஆட்டத்துக்குப் பின் மண் அணையில் கசிவு கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். நீர்மட்டத்தை இறக்கத் தொடங்க வேண்டும். அதையும் அவசரமாக இறக்கினால் நீர்ப்பக்க முன்சரிவு ஈரக்கனத்தோடு சறுக்கும்.