எம்923 லாரிக்கு 22.5 அங்குல அலுமினிய வீல்: வாங்கலாம், நட்டையும் சேர்த்து

அமெரிக்க ராணுவம் கழித்த எம்923 ஐந்து டன் லாரியை ஏலத்தில் எடுப்பவர்கள் சீக்கிரமே சலித்துக்கொள்வது அதன் 20 அங்குல இரும்பு வீலைப் பார்த்துத்தான். டியூப், அதைக் காக்கும் ரப்பர் பட்டையான ஃபிளாப், டயரை வீலில் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையமான லாக் ரிங் என்று எல்லாம் தனித்தனி. லாக் ரிங் தெறித்தால் உயிரே போகும் என்பதால் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். பல டயர் கடைகள் அதைத் தொடவே மாட்டா. மாற்றாகப் பலரும் தேடுவது, நெடுஞ்சாலை லாரிகளுக்கான அல்கோவா ஃபோர்ஜ்டு அலுமினிய வீலை: 22.5×8.25 அங்குலம், ஒரே துண்டு, டியூப்லெஸ். சாலையில் ஓடும் வண்டிக்கு நல்ல தேர்வு. காட்டுக்கும் சேற்றுக்கும் வேண்டாம்.

இந்த வீலில் நட்டு ஏறப் பத்து ஓட்டை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 285.75 மி.மீ.; லாரியிலும் அதே அளவு. இதை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே வட்டத்தில் இரண்டு வகை வீல் உண்டு. எம்923-இல் இருப்பது பழைய ‘பட்’ (Budd) முறை: நட்டின் உருண்டை முகம் வீல் ஓட்டையின் குழிவில் உட்கார்ந்து வீலை நடுவில் நிறுத்தும். இன்றைய லாரிகளில் பெரும்பாலும் ஹப்பின் (அச்சு முனையில் வீல் மாட்டும் பாகம்) விளிம்பே வீலைத் தாங்கும். ஓட்டையில் குழிவு இருக்காது, நட்டு தட்டையானது. இந்த இரண்டாவது வகையை எம்923-இல் போட்டால் நட்டு உட்கார இடமே இல்லை. முறுக்கும்போது இறுகியதாகத்தான் தோன்றும். ஓட ஓட ஓட்டை அகன்று, நட்டு ஏறும் மரைக்கம்பியான ஸ்டட் முறியும். கடைக்காரர் சொல்வதை நம்பாமல் ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். முன் ஹப்பின் விட்டத்தையும் அளந்து, வீலின் நடு ஓட்டைக்குள் நுழையுமா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தடிமன். அலுமினிய வீலின் நடுத் தட்டு இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு தடிப்பு. பின்னால் இரட்டை வீல் என்பதால் உள் வீலை ஒரு கேப் நட்டு பிடிக்கிறது. அதன் வெளி மரையில்தான் வெளி வீலின் நட்டு ஏறுகிறது. பழைய குட்டை கேப் நட்டையே விட்டுவைத்தால் வெளி நட்டுக்குச் சில மரைதான் கிடைக்கும். வீல் கழன்று ஓட அது போதும். அலுமினிய இரட்டைக்கென்று நீளமான உள் நட்டு தனியாக விற்கிறார்கள்; உள்ளே இரும்பு, வெளியே அலுமினியம் என்று சிக்கனம் பார்ப்பவர்களுக்கும் அதற்குரிய நட்டு உண்டு. இடப்பக்கத்துக்கு இடது மரை, ஆகவே இருபுறத்துக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். முன் ஸ்டட்டின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

மாட்டுவதற்கு முன் ஹப், டிரம் முகங்களில் ராணுவம் அடுக்கடுக்காய் அடித்த பச்சை பெயின்ட்டை இரும்பு தெரியும்வரை எடுக்க வேண்டும். பெயின்ட் நசுங்க நசுங்க நட்டின் பிடி தளரும். அடிப்பூச்சில் குரோமேட் என்ற நச்சு இருக்கலாம். முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள். மரையில் எண்ணெய் கூடாது, இந்த வகைக்கு உலர்ந்த முறுக்குதான்: 610 முதல் 680 நியூட்டன் மீட்டர். முதலில் உள் நட்டுகள் பத்தையும் எதிரெதிராக முறுக்கிவிட்டு வெளி வீலை ஏற்றுங்கள். 80 முதல் 160 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும். அப்போது வெளி நட்டை மட்டும் முறுக்கினால் பயனில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக வெளி நட்டைத் தளர்த்தி, உள் நட்டை முறுக்கி, வெளி நட்டை மீண்டும் இறுக்க வேண்டும். அலுப்பான வேலைதான், குறுக்கு வழி கிடையாது.

டயர் 11ஆர்22.5 போட்டால் பழைய 11.00ஆர்20-ஐவிட விட்டம் ஓர் அங்குலத்துக்கு மேல் குறையும். வேகமானி சுமார் மூன்று சதவீதம் கூட்டிக் காட்டும், ஏற்கெனவே மெதுவான வண்டி இன்னும் மெதுவாகும். பழைய உயரம் வேண்டுமானால் 24.5 அங்குல வீலும் 11ஆர்24.5 டயரும் நெருங்கி வரும். எதுவானாலும் பத்து வீலையும் ஒன்றாக மாற்றுங்கள். இந்த வண்டியின் இரு பின் அச்சுகளுக்கும் இடையே, அவற்றை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் இல்லை; டயர் உயரம் அச்சுக்கு அச்சு மாறினால் சுமை பல்சக்கரத்தில் ஏறும்.

எடையில் லாபம் உண்மை: ஒரே அளவு இரும்பு வீலோடு ஒப்பிட்டால் வீலுக்குச் சுமார் பத்து கிலோ குறையும். பழைய வீல் வாங்கினால் ஓட்டைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு உண்டா, குழிவு தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டதா என்று பாருங்கள். தீயில் வெந்த வீல் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். சூட்டில் அதன் உறுதி போயிருக்கும்.

சேற்றில் காற்றைக் குறைத்து ஓட்டுபவர்களுக்கு இது சரிவராது, டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து விலகிவிடும். எம்ராப் கவச வண்டிகளின் ஹட்சின்சன் இரு துண்டு அலுமினிய வீல் அவர்கள் கண்ணில் படும். அதன் வட்டம் 335 மி.மீ.; எம்1078 லாரிக்குப் பொருந்தும், எம்923-க்குப் பொருந்தாது. அதில் காற்று இருக்கும்போது இரு துண்டையும் இணைக்கும் போல்ட்டைத் தொடவே கூடாது.

ஸ்டெப்னியையும் அலுமினியமாக்கிவிடுங்கள். நீள உள் நட்டின்மேல் மெல்லிய இரும்பு வீலை ஏற்றினால், வீலைப் பிடிக்கும் முன்பே வெளி நட்டு அடிமுட்டி நின்றுவிடும். பழைய இரும்பு ஸ்டெப்னியே போதும் என்றால், இரும்பு வெளி வீலுக்கான பத்து உள் நட்டை இருபுற மரையிலும் வண்டியிலேயே வைத்திருங்கள், உள் நட்டைக் கழற்றும் 21 மி.மீ. சதுர சாக்கெட்டோடு.