வாரம் ஒரு அலெண்ட்ரோனேட்: கெடுபிடியான மாத்திரை, ஆனாலும் நல்ல மாத்திரை

மணிக்கட்டு முறிந்து, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5-க்கும் கீழே, அதாவது எலும்பு மெலிவு நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) என்கிற அளவுக்குப் போயிருக்கிறது என்று தெரிந்ததும் டாக்டர் எழுதித் தந்தது, எலும்பு கரைவதைத் தடுக்கும் அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம். வாரத்துக்கு ஒன்றே ஒன்று. கேட்கச் சுலபம். ஆனால் இத்தனை கெடுபிடி பண்ணும் மாத்திரையை நான் வேறு கண்டதில்லை.

காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய சாதாத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. காபி, டீ, வேறு மாத்திரை எதுவும் கூடாது. பெட்டிக்குள் இருக்கும் தாள் இதையெல்லாம் பொடி எழுத்தில் உத்தரவு போடுகிறதே தவிர, காரணம் சொல்வதில்லை. டாக்டர்தான் சொன்னார். விழுங்கும் மருந்தில் ரத்தத்தில் சேர்வதே 1 சதவீதத்துக்கும் குறைவாம். வயிற்றில் காபியோ கால்சியமோ இருந்தால் அதுவும் போச்சு. படுத்துக்கொண்டால் மாத்திரை உணவுக்குழாயிலேயே தங்கிப் புண்ணாக்கிவிடும். இதைக் கேட்டபின் என் முணுமுணுப்பு அடங்கியது.

சேர்கிற அந்தத் துளி நேரே எலும்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்கள் அரிக்கும்போது மருந்தையும் சேர்த்து உள்ளே இழுத்து, செயலிழந்து போகின்றன. மாதவிடாய் நின்றபின் அரிப்பு வேகமாகிவிடுவதால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு இது தேவைப்படுகிறது. மூட்டுவலி குறையும், உடம்பில் தெம்பு வரும் என்று நினைத்து வாங்காதீர்கள். அது இதன் வேலையே இல்லை. எனக்கு உடம்பில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அடுத்த ஸ்கேனில் முதுகெலும்பின் அடர்த்தி கொஞ்சம் கூடியிருந்தது, இடுப்பு அப்படியே நின்றது. எனக்கு அது போதும்.

பயமுறுத்தும் பக்கவிளைவுகளும் உண்டு: தாடை எலும்பு அழுகுவது, நெடுங்காலம் எடுப்பவர்களுக்குத் தொடையெலும்பு முறிவது. இரண்டும் அரிது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் ஆரம்பிக்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது. தொடையில் புது வலி வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சுமார் 5 வருடம் ஆனதும் தொடரலாமா, இடைவெளி விடலாமா என்று பார்ப்பார்கள். நிறுத்தினாலும் மருந்து எலும்பில் வருடக்கணக்கில் தங்குகிறது என்பது ஒரு சௌகரியம்.

நெஞ்செரிச்சல்காரர்கள், அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்கள் வருடம் ஒருமுறை ஏற்றும், இதே வகை மருந்தான சோலெட்ரோனிக் ஆசிட் ட்ரிப்பைப் பற்றிக் கேட்கலாம். முதல் தடவை காய்ச்சலும் உடம்புவலியும் வரக்கூடும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இரண்டுமே சரிப்படாமல் போகலாம்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று அந்தப் பொடி எழுத்துத் தாளுக்கும், தேதி குறிக்க இடமே விடாத அட்டைக்கும். நான் பேனாவால் அட்டையின் பின்னால் கிழமையை எழுதி வைத்துக்கொள்கிறேன்.