வெப்பா, ஹெர்ஷலா: விண்மீன் பிறப்பை ஆராய எது?
விண்மீன் பிறக்கும் தூசுமேகங்களை ஆராய ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி ஒன்றே போதும் என்று நினைப்பது சரியன்று. 6.5 மீட்டர் ஆடி கொண்ட வெப், 0.6 முதல் 28 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான அலைநீளங்களில் தூசியை ஊடுருவி, உள்ளே மறைந்திருக்கும் இளம் விண்மீன்களையும் அவை பீய்ச்சும் வாயுத்தாரைகளையும் துல்லியமாகக் காட்டுகிறது. 2022இல் அது எடுத்த படத்தில், கழுகு நெபுலா எனும் வாயு, தூசு மேகத்திலுள்ள தூண்களின் விளிம்பில் எரிமலைக் குழம்புபோல் சிவந்து தெரிபவை அத்தகைய தாரைகளின் விளைவே.

ஆனால், 10 முதல் 20 கெல்வின் (ஏறத்தாழ −263 முதல் −253 டிகிரி செல்சியஸ்) வரை குளிர்ந்த தூசி மிகுதியாக ஒளிர்வது, வெப்பின் எல்லைக்கு வெகு அப்பால், ஏறத்தாழ 150 முதல் 300 மைக்ரான் அலைநீளத்தில். 2009 முதல் 2013 வரை இயங்கிய ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கி, 3.5 மீட்டர் ஆடியால் அந்த ஒளியைத்தான் சேகரித்தது. படங்கள் மங்கல்தான், ஆயினும் மேகங்களெங்கும் இழைகள் பின்னிக் கிடப்பதையும், அடர்ந்த இழைகளில் விண்மீன் கருக்கள் திரள்வதையும் விரிவாகக் காட்டியது அதுவே. குளிர்ந்த தூசியின் ஒளியைக் கொண்டு மேகத்தின் நிறையை அளப்பதே நோக்கமென்றால், கருவிகளைக் குளிர்விக்கும் ஹீலியம் தீர்ந்து ஓய்ந்துபோன ஹெர்ஷலின் தரவையே நான் முதலில் நாடுவேன்.