மைனிக்கு எந்த நாவல்: மோகமுள்ளா, கடல்புரத்திலா?

போன மாதம் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்திருந்த மைனி (அண்ணி) என் அலமாரி முன்னால் நின்றுகொண்டு கேட்டார்கள்: "தம்பி, காதல் கதைதான் வேணும். ஆனா படத்துல வாற மாதிரி இருக்கக்கூடாது. எதத் தருவ?"

இரண்டு புத்தகங்களை எடுத்தேன். ஒன்று தி. ஜானகிராமனின் 'மோகமுள்', இன்னொன்று வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. கொஞ்சம் யோசித்து இரண்டாவதைக் கொடுத்தேன்.

மோகமுள்ளின் அருமையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கும்பகோணம், சங்கீதம், தன்னைவிட மூத்த யமுனா மேல் பாபுவுக்கு வரும் தீராத மோகம். தடித்த புத்தகம்தான், ஆனால் உள்ளே போய்விட்டால் சாப்பாடு மறந்துபோகும். 'கடல்புரத்தில்' சின்ன நாவல். 1977-இல் வந்தது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயிலில் போய்வரும் நேரத்தில் முக்கால்வாசி முடிந்துவிடும். அதில் வரும் பேச்சும் நம் பக்கத்துக் கடற்கரைப் பேச்சு.

இதெல்லாம் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு முடிவைச் சொன்னது மறுவாசிப்பு.

இருபது வயதில் 'கடல்புரத்தில்' படித்தபோது எனக்குக் கதாநாயகி பிலோமி மட்டும்தான் தெரிந்தாள். தன்னையே கொடுத்தவளை விட்டுவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொள்ளும் சாமிதாஸ் மேல் அப்படி ஒரு கோபம். அவனை அவள் எப்படி வெறுக்காமல் இருக்கிறாள் என்று புரியவே இல்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத் திரும்ப எடுத்தேன். இந்தத் தடவை கண் போனது அவள் அம்மா மரியம்மையிடம். புருஷன் குரூஸ் மிக்கேலோடு ஓயாத சண்டை, வாத்தியோடு ஊர் பேசும் ஒரு சிநேகம். முதல் வாசிப்பில் அதைத் தப்பு என்று ஒரு வரியில் தாண்டிப் போயிருந்தேன். அம்மா செத்த பிறகு பிலோமி அதே வாத்தியோடு உட்கார்ந்து பேசுகிறாள். அம்மா அவரிடம் எதைத் தேடிப் போனாள் என்று மகளுக்கு மெல்லப் பிடிபடுகிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிலோமியால் சாமிதாஸை எப்படி மன்னிக்க முடிந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

மோகமுள்ளை இரண்டாம் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். யமுனா சம்மதிப்பாளா என்ற தவிப்புதான் முதலில் என்னை இழுத்துக்கொண்டு போனது. விடை தெரிந்த பிறகு அந்த வேகம் இல்லை. ஆனால் தங்கம்மாவை மறக்க முடியவில்லை. கிழவனுக்கு வாழ்க்கைப்பட்டு, பாபுவிடம் ஒரு ராத்திரி அடைக்கலம் தேடி, பிறகு உயிரை விட்ட அந்தப் பெண்ணுக்காகவே மறுபடி எடுக்கலாம். அப்புறம், எனக்குப் பாட்டு ஞானம் கிடையாது. பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணாவின் தம்புரா வரும் பக்கங்கள் சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி ஒலிக்கலாம். அவர்களுக்கு நான் மோகமுள்ளைத்தான் முதலில் கொடுப்பேன்.

நேற்று மைனி போன் பண்ணினார்கள். பிலோமியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்த மரியம்மைக்கு என்ன வயசிருக்கும் தம்பி?" என்றுதான் கேட்டார்கள்.