பெயர்ப் பலகை இல்லாத லேத் பட்டறையும் என் ஆம்னியின் கிரவுன் பினியனும்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பிப்ரவரியில் மிளகு மூட்டைகளோடு இரண்டாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தபோது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மட்டும் பின்பக்கத்திலிருந்து ஓர் ஊளை கேட்டது. காலை வைத்தால் அடங்கியது. ஏறும்போது சத்தமே இல்லை. பின் அச்சுக்குள் பினியன் என்ற சிறிய பல்சக்கரம் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஏற்றத்தில் கிரவுன் வீல் பற்களின் ஒரு முகம் சுமை தாங்குகிறது. இறக்கத்தில் வண்டி இன்ஜினைத் தள்ளுவதால் மறுமுகத்துக்குச் சுமை மாறுகிறது. பினியன் பேரிங் தளர்ந்திருந்தால் அந்த மறுமுகம்தான் முதலில் அழும்.

வண்டி 2011 மாடல் மாருதி ஆம்னி. இன்ஜின் முன் இருக்கைக்கு அடியில், இழுப்பது பின்சக்கரம். நாகலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி எனக்குத் தெரியாது. ஆம்னி உற்பத்தியை 2019-ல் நிறுத்திவிட்டார்கள். அதனால் இருப்பதைக் காப்பாற்றியே ஆக வேண்டும். மிளகுப் பறிப்பு முடிந்த கையோடு, காலியாகக் கிடந்த காப்பிக் களத்தில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஸ்டாண்டு வைத்து, நானும் அக்கா மகனும் வேலையை ஆரம்பித்தோம்.

பின் அச்சின் கூட்டிலிருந்து (ஹவுசிங்) வடித்த எண்ணெயில் காந்தத்தை விட்டதும் அரிசிக் குருணை போல இரும்புத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வந்தன. பினியனின் எட்டுப் பற்களில் ஒன்று ஓரத்தில் உடைந்திருந்தது. காரணம் ஹவுசிங்கின் மேலிருக்கும் சின்ன மூச்சுக் குழாய். தோட்டப் பாதையின் செம்மண் அதில் அடைத்துக் காய்ந்து கல்லாகியிருந்தது. உள்ளே சூடாகும் காற்றுக்குப் போக வழியில்லாமல், ஆக்சில் சீல் வழியாக எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. எண்ணெய் குறைந்து பற்கள் காய்ந்துபோயின. மலையில் ஆம்னி ஓட்டுகிறவர்கள் இந்தக் குழாயை ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றி ஊதிப் பாருங்கள்.

இப்போது பட்டறைக்கு வருகிறேன். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

கொண்டலாம்பட்டிக்குப் போகும் சாலையில், இரண்டு விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவே இருக்கிறது. பலகை கிடையாது. உள்ளே ஒரு பழைய லேத், ஒரு ஹைட்ராலிக் பிரஸ், சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்கப் பேரிங் வளையங்கள். பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பேரிங் ஏற்றித் தரச் சொல்லித்தான் நான் போனேன். டவுனில் ஒரு கடையில் வாங்கிய புது கிரவுன் பினியன் செட் கையில் இருந்தது.

அவர் பிரஸ் பக்கம் போகவே இல்லை. செட்டைத் துணியில் துடைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிரவுன் வீலின் விளிம்பில் பொறித்திருந்த எண்ணையும் பினியன் தலையில் இருந்த எண்ணையும் பார்த்தார்.

"தம்பி, இது ஜோடி இல்லை. இரண்டு பெட்டியை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்."

217 என்று ஒன்றில், 271 என்று மற்றொன்றில். நான் கவனிக்கவில்லை. கிரவுனையும் பினியனையும் தொழிற்சாலையில் சேர்த்து ஓடவிட்டு, ஒன்றுக்கொன்று தேய்த்துப் பொருத்திய பிறகுதான் ஒரே எண்ணைப் பொறிப்பார்கள். எண் மாறினால் அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் சத்தம் போகாது. பேரிங் ஏற்றிக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டு அவர் என்னை அனுப்பியிருக்கலாம். அன்றைக்கு அவர் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. விற்ற கடையோ எண்ணெய்க் கறை பட்டுவிட்டது என்று சொல்லித் திருப்பி எடுக்க மறுத்துவிட்டது. நான்காயிரத்துக்குச் சற்றுக் குறைவான அந்தப் பணம் போனது போனதுதான். இரண்டாவது செட்டை வேறு கடையில், மேசைமேலேயே பெட்டியைப் பிரித்து, இரண்டு எண்ணையும் படித்துப் பார்த்துவிட்டு வாங்கினேன்.

இரண்டாவது முறை போனபோது அவர் செய்த உதவியை நான் வேறெங்கும் கண்டதில்லை. பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும் என்பதை அதன் தலைக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய உலோக வளையம் முடிவு செய்கிறது. ஷிம்மை மாற்ற வேண்டுமானால் இறுக ஏற்றிய பேரிங்கைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது பேரிங் பாழாகலாம். ஒவ்வொரு முறையும் மலையிறங்கி வர முடியுமா? அவர் ஓர் ஆணியிலிருந்து பழைய பேரிங் ஒன்றை எடுத்தார். அதன் உள்துளையை மயிரிழை அளவு அரைத்து அகலப்படுத்தி வைத்திருந்தார். பினியன் தண்டில் அது கையாலேயே ஏறியது, கையாலேயே இறங்கியது. "இதைப் போட்டு அளவு பார். சரியான ஷிம் எது என்று தெரிந்த பிறகு வா, புது பேரிங்கை ஏற்றித் தருகிறேன்" என்றார். முன்பணம் கேட்கவில்லை. பெயரைக்கூட எழுதிக்கொள்ளவில்லை. ஐந்தாறு ஷிம்களையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

அந்தப் பேரிங் இல்லாமல் இந்த வேலை வீட்டில் நடந்திருக்காது. பற்கள் ஒன்றையொன்று தொடும் தடம் தெரிவதற்காக, ஓவியர்கள் பயன்படுத்தும் பிரஷ்யன் நீல எண்ணெய் வண்ணத்தைப் பற்களில் மெல்லத் தடவி, கிரவுன் வீலைக் கட்டையால் சற்றுத் தடுத்துக்கொண்டே திருப்பினோம். ஆம்னியில் கிரவுனுக்கு 41 பல், பினியனுக்கு 8. இரண்டுக்கும் பொது வகுத்தி இல்லாததால் ஒவ்வொரு பல்லும் எதிர்ப்புறத்தின் எல்லாப் பற்களையும் சந்தித்து முடிக்கக் கிரவுன் வீல் எட்டுச் சுற்று சுற்ற வேண்டும். ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டுத் தடத்தைப் பார்ப்பவர்கள் பாதிதான் பார்க்கிறார்கள்.

பழைய ஷிம் அளவிலேயே பார்த்தபோது தடம் பல்லின் நுனியில் மெல்லிய கோடாக விழுந்தது. பினியன் எட்ட நிற்கிறது என்று பொருள். 0.15 மில்லிமீட்டர் கூட்டினோம், தடம் பல்லின் அடிக்கு இறங்கிவிட்டது. அதற்குப் பதில் 0.08 மட்டும் கூட்டியபோது பல்லின் நடுவில், நீள்வட்டமாக, வேப்பிலை அகலத்துக்குத் தெளிவாகப் பதிந்தது. மறுமுகத்திலும் அப்படியே. ஷிம்மை மாற்றும்போதெல்லாம் பல் இடைவெளியும் மாறும் என்பதால், இரு பக்கமும் உள்ள மரையுள்ள வளையங்களை ஒன்றைத் தளர்த்தி மற்றதை அதே அளவு இறுக்கி, டயல் கேஜில் 0.10-க்கும் 0.15-க்கும் இடையே கொண்டுவந்தோம். கிரவுன் வீலைச் சுற்றி நான்கு இடங்களில் அளந்தோம். ஒரே இடத்தில் அளந்துவிட்டு நம்பக் கூடாது. இதற்கு மட்டும் ஒன்றரை நாள் ஆனது. என் வாழ்க்கையில் நிம்மதியாகக் கழித்த ஒன்றரை நாள்களில் அதுவும் ஒன்று.

வண்டி ஸ்டாண்டில் நின்றதால் பினியனைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சேலம் போனேன். அவர் பழைய பினியனையும் கேட்டு வாங்கி, இரண்டின் தலை உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, எங்கள் ஷிம் கணக்கு பொருந்துகிறது என்று தலையசைத்த பிறகே பிரஸ்ஸில் வைத்தார். கூலி 600 ரூபாய்.

வீட்டுக்கு வந்து அவர் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தால் நசுங்கும் ஸ்பேசர் இரண்டு இருந்தன. தேவை ஒன்றுதான். பினியன் நட்டை இறுக்க இறுக்க அந்த ஸ்பேசர் நசுங்கி, பேரிங்குக்கு வேண்டிய அழுத்தத்தைத் தரும். அளவு தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, புது ஸ்பேசர்தான் போட வேண்டும். நீளக் குழாயை மாட்டி இறுக்கிய அக்கா மகன் கால் திருப்பு அதிகமாகத் திருப்பிவிட்டான். பினியன் கைக்கு அசையவில்லை. "மாமா, மறுபடியும் பஸ் ஏற வேண்டுமா?" என்று முகம் வாடிக் கேட்டான். இரண்டாவது ஸ்பேசரை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அந்த நேரத்தில் பட்டறைக்காரரை நினைத்துக் கண் கலங்கிவிட்டது. கேட்காமலே வைத்துக் கொடுத்த பொருள் அது. இந்த முறை பினியனில் சுற்றிய நூலை வில்தராசால் இழுத்து, அது எவ்வளவு இறுக்கமாகச் சுழல்கிறது என்று பார்த்து, மிகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம்.

குறை இல்லாத இடம் இல்லை. காலை பதினொன்றுக்கு முன் திறப்பதில்லை. பில் கிடையாது, பணம் கையில்தான் கொடுக்க வேண்டும். அவர் ஒரு வேலையில் இருந்தால் அடுத்தவரை நிமிர்ந்து பார்க்க மாட்டார். முதல் நாள் நான் இரண்டு மணி நேரம் நின்றேன், உட்கார இடமும் இல்லை. தறிச் சத்தத்தில் கத்திப் பேச வேண்டும். அவசரக்காரர்களுக்கு அந்த இடம் ஒத்துவராது.

இரண்டாவது செட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பற்களின் மேற்பரப்பு சீராக இருந்தது, ஜோடி எண் தெளிவாகப் பொறித்திருந்தது. ஆனால் கூட வந்த கிரவுன் போல்ட்டுகளில் ஒன்றின் மரை கரடாக இருந்ததால் வேறு வாங்கிப் போட்டேன். ஜிஎல்-5 தரம் உள்ள 90 எண் கியர் ஆயில்தான் ஊற்றினேன். இவ்வகைப் பற்கள் உருளுவதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்வதால் அந்தத் தரத்துக்குக் கீழே போகக் கூடாது. முதல் நாள் சுமையில்லாமல் இருபது கிலோமீட்டர் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஓட்டினேன். 500 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றினேன். சாம்பல் மினுமினுப்பு மட்டும் இருந்தது, துணுக்கு ஏதும் இல்லை. இப்போது 1,900 கிலோமீட்டர் ஆகிறது. இருபது வளைவுகளிலும் காலை எடுத்து இறங்கிப் பார்த்துவிட்டேன், ஊளை இல்லை. சமவெளியில் அறுபதைத் தாண்டினால் மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்கிறது. அது முன்பே இருந்ததா, இப்போதுதான் காது கவனிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய பேரிங்கைப் போன வாரம் திருப்பிக் கொடுத்தேன். கூடக் கால் கிலோ மிளகு. மிளகை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, பேரிங்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்துளையை விரலால் தடவிப் பார்த்தபின் அதே ஆணியில் மாட்டினார். யாராவது போவதானால் பழைய பினியனையும் ஷிம்மையும் தூக்கி எறியாமல் கொண்டுபோங்கள். முதலில் அதைத்தான் கேட்பார். செவ்வாய்க்கிழமை விடுமுறை.