டப்பாவில் கிரீம், படத்தில் சவுரி

ஒரு சுருள்முடி கிரீமை மூன்று மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரையும் விளம்பரத்தில் வரும் பாடகியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அலமாரியில் இதே ரகத்தில் பத்து டப்பாக்கள் நிற்கின்றன. எதன் பெயரை எடுத்து ஒட்டினாலும் கீழே எழுதியிருப்பது பெரும்பாலும் பொருந்தும்.

வாங்கியது என் மகளுக்காக. அவளுக்கு 11 வயது. முகம் என்னுடையது, முடி அவள் அப்பாவுடையது. என் கணவர் மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா இனத்தவர். எப்போதும் ஒட்ட வெட்டிக்கொள்பவர் என்பதால் அந்த முடி வளர்ந்தால் எப்படியிருக்கும் என்பதே மகள் பிறந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. எண்ணெய் தடவி, உச்சியில் சீப்பை வைத்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுப்பதுதான் நான் அறிந்த தலைவாருதல். அதே கையோடு அவள் தலையிலும் சீப்பை வைத்தேன். இரண்டு சீப்புகளுக்குப் பல் போனது. நான் சீப்போடு வருவதைப் பார்த்தாலே குழந்தை இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொள்வாள். அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

விளம்பரத்துக்கு வருகிறேன். பாடகி குளித்துவிட்டு வருகிறார். ஈரமுடி தோளுக்குக் கீழே தொங்குகிறது. ஒரு விரலால் கிரீமை எடுத்துத் தடவுகிறார். அடுத்த காட்சியில் முடி காய்ந்துவிட்டது. நீளம் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. ஒவ்வொரு சுருளும் பென்சிலில் சுற்றி உருவியதுபோல ஒரே தடிமன். இது முழுக்க என் சொந்த முடி, இந்த டப்பாதான் காரணம் என்ற பொருள்படச் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்கிறார். டப்பாவின் மேல் ‘4சி முடிக்கானது’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. இந்த எண்ணும் எழுத்தும் புரியாதவர்களுக்கு: நேர்முடிக்கு 1, மிக நெருக்கமான சுருளுக்கு 4 என்று ஒரு வகைப்பாடு உண்டு. அதில் 4சி என்பது கடைசிப் படி. என் மகளுடையது அதுதான்.

முழுவதும் காய்ந்த 4சி முடி ஈரமாக இருந்தபோது இருந்த நீளத்திலேயே நின்றால், ஒன்று அதை நீட்டி உலர்த்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் அது வேறு யாருடைய முடியாகவோ இருக்க வேண்டும். காயக் காயச் சுருங்குவது இந்த முடியின் இயல்பு. நான்கில் மூன்று பங்கு நீளம்வரை சுருளுக்குள் ஒளிந்துகொள்ளலாம். என் மகளின் முடியை நனைத்து இழுத்துப் பிடித்தால் தோளைத் தொடும். காய்ந்தால் காதோடு நின்றுவிடும். நனைந்தால் நீண்டு, காய்ந்தால் சுருண்டு துள்ளும் முடி ஆரோக்கியமான முடி. விளம்பரமோ அந்தத் துள்ளலையே ஒரு குறையாகக் காட்டிவிட்டு அதற்கு மருந்து விற்கிறது.

கைப்பேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில், கடைசி இரண்டு நொடிகளில், வெண்ணெய் நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து: படப்பிடிப்புக்காகக் கூடுதல் முடி சேர்க்கப்பட்டிருக்கிறதாம். சவுரி என்று நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது. சவுரி வைப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. விக்கும் சவுரியும் சேர்த்த பின்னலும் ஆஃப்ரோ முடிக்காரர்களின் அன்றாடம். சில வாரங்கள் முடியைச் சீப்புக்கும் வெயிலுக்கும் காட்டாமல் காப்பாற்றித் தரும் ஏற்பாடு. சவுரிக்காரி உழைத்துக் கொடுத்த அழகுக்குக் கிரீம் உரிமை கொண்டாடுவதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்படிச் சிறு எழுத்தில் ஒளிவது புதிதும் அல்ல. பிரிட்டனில் 2007இல் பெனலோப் குரூஸ் நடித்த லோரியால் மஸ்காரா விளம்பரத்தில் இமைகளில் செயற்கை முடிகளைச் செருகியிருந்தார்கள். அதைச் சொல்லவில்லை என்பதற்காக அங்குள்ள விளம்பரத் தர ஆணையம் கண்டித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே நிறுவனத்தின் எல்வீவ் என்ற முடிப் பராமரிப்பு வரிசையின் விளம்பரத்தில் பாடகி ஷெரில் கோல் வந்தார். அவர் தலையில் சவுரி இருந்தது. திரையில் சிறு எழுத்தில் போட்டும் இருந்தார்கள். பார்வையாளர்கள் புகார் கொடுத்தார்கள். ஆணையம் ஏற்கவில்லை, அதுதான் எழுதியிருக்கிறதே என்றாகிவிட்டது. அதிலிருந்து விளம்பரக்காரர்கள் என்ன பாடம் படித்திருப்பார்கள் என்பதை என் கைப்பேசித் திரையிலேயே பார்த்துவிட்டேன். அமெரிக்காவில் வர்த்தக ஆணையத்தின் வழிகாட்டுதல்படி, ஒரு பிரபலம் தான் பயன்படுத்துவதாகச் சொன்னால் உண்மையிலேயே பயன்படுத்துபவராக இருக்க வேண்டும். ஒரு விரல் கிரீம் தடவுவதும் பயன்படுத்துவதுதான் என்று கிரீம் நிறுவனத்தின் வக்கீல் சொல்லக்கூடும்.

சரி, டப்பாவைத் திறப்போம். முதல் தடவை தடவியபோது குறை சொல்ல ஒன்றுமில்லை. சீப்பு வழுக்கிக்கொண்டு போனது, முடி பளபளத்தது, மகள் கண்ணாடி முன்னாலிருந்து நகரவே இல்லை. மாலைக்குள் சுருள்கள் விறைத்துவிட்டன. மூன்றாம் நாள் பிடரியில் வெள்ளைத் துகள்கள். பொடுகு என்று பயந்து விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். காய்ந்து உதிர்ந்த கிரீம். இரண்டு வாரத்தில் இன்னொன்றைக் கவனித்தேன். வழக்கம்போலத் தண்ணீர் தெளித்தால் முடிக்குள் இறங்கவில்லை. தாமரை இலையில் நிற்பதுபோல முத்து முத்தாக மேலேயே நின்றது. அதைத் துணியால் ஒற்றி எடுத்தேன். உள்ளே முடி காய்ந்த தென்னைநார்போல இருந்தது.

அன்றிரவுதான் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். முன்பே செய்திருக்க வேண்டும். முதலில் தண்ணீர், அடுத்து கிளிசரின், மூன்றாவது டைமெத்திகோன். இது ஒரு சிலிகோன். நிறையப் பூசினால் மழைக்கோட்டு மாதிரி முடியை மூடிக்கொள்ளும். பளபளப்பும் வழுக்கலும் இதன் உபயம். விளம்பரத்தில் தங்கத் துளியாகச் சொட்டும் ஆர்கன் எண்ணெய் எங்கே என்று தேடினேன். பட்டியலின் அடிமட்டத்தில், பினாக்ஸிஎத்தனாலுக்கும் பின்னால் இருந்தது. பட்டியல் படிக்கிறவர்கள் இந்த ஒரு பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். அது கெடாமல் காக்கும் பொருள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக்கூடாது. பொருள்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். எனவே பினாக்ஸிஎத்தனாலுக்குப் பின்னால் வரும் எதுவும் பெரும்பாலும் வாசனைக்கும் பெயருக்கும்தான். படத்தில் சொட்டிய அளவு எண்ணெய், வாங்கிய மூன்று டப்பாக்களிலும் சேர்த்து இருந்திருந்தால் ஆச்சரியம்.

நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கூடவே அதே வரிசையில் உள்ள ஷாம்புவுக்குத் தள்ளுபடிக் கூப்பன்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். ஒரு டப்பா சரியில்லை என்றால் இன்னொன்று. ஆனால் மூன்றாவது டப்பாவில் பாதி தீர்ந்தபோது மகள் கேட்டாள்: “அம்மா, எல்லாம் சரியாகத்தானே செய்கிறோம்? அப்படியென்றால் என் முடிதான் சரியில்லையா?” பிறகு, ரிலாக்ஸர் போட்டால் நேராகிவிடுமாமே என்றாள். பள்ளித் தோழி சொன்னாளாம்.

ரிலாக்ஸரைப் பற்றி நான் அவளிடம் மழுப்பவில்லை. ஒரு வகையில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அடைத்த குழாயைத் திறக்க ஊற்றுகிறோமே, அதே காரம். முடியின் உள்பிணைப்புகளை நிரந்தரமாக மாற்றித்தான் நேராக்குகிறது. மண்டைத்தோலில் பட்டு நேரமானால் வெந்துவிடும். அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. முடியை நேராக்கும் ரசாயனங்களைப் பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம் என்றும், ஆண்டில் நான்கு முறைக்குமேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம் என்றும் அது கணக்கிட்டது. தொடர்பு தெரிகிறது, காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. 18 வயதாகட்டும், நீயே முடிவு செய் என்றேன்.

அவளுடைய முதல் கேள்விக்குப் பதில் சொன்னவர் என் மாமியார். அவர் முதலில் செய்தது கிரீமைக் கழுவியதுதான். இருமுறை ஷாம்பு போட்டு மண்டையிலிருந்து கீழே இறக்கினார். முடியை எட்டுப் பங்காகப் பிரித்தார். ஒவ்வொரு பங்கையும் தண்ணீரில் நனைத்து, கண்டிஷனரைத் தாராளமாக வைத்து, முதலில் விரலால் சிக்கெடுத்தார். பிறகுதான் அகலப் பல் சீப்பு, அதுவும் நுனியிலிருந்து. கடைசி ஒரு விரற்கடை நீளம் சிக்கில்லாமல் ஆனதும் சீப்பு அடுத்த விரற்கடைக்கு ஏறியது. வேருக்குப் போய்ச்சேரக் கால் மணி நேரம். நான் இத்தனை வருடம் உச்சியில் தொடங்கி எல்லாச் சிக்கையும் கீழே தள்ளி ஒரே முடிச்சாக்கிக்கொண்டிருந்தேன்.

ஏன் இவ்வளவு பொறுமை என்றால், இந்த முடியின் குறுக்குவெட்டு நீள்வட்டம். வளைகிற இடமெல்லாம் பலவீனமான இடம். முரட்டுத்தனமாக இழுத்தால் அங்கேதான் முறியும். மண்டையில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் சறுக்கிக் கீழே வந்துவிடும். இதிலோ அத்தனை திருப்பங்களைத் தாண்டி நுனிக்கு வந்து சேராது. அதனால் நுனி எப்போதும் தாகத்தோடு இருக்கும். தாகத்துக்குத் தண்ணீர், அந்தத் தண்ணீர் போகாமல் பிடித்துவைக்க ஷியா வெண்ணெயோ எண்ணெயோ. காய்ந்த முடியில் எண்ணெயை மட்டும் பூசுவது வெறும் பானைக்கு மூடி போடுவது.

பிறகு கறுப்பு நூலை எடுத்து ஒவ்வொரு பங்கையும் வேரிலிருந்து நுனிவரை சுற்றினார். யொரூபாப் பெண்கள் சூடில்லாமல் முடியை நீட்டும் பழைய முறை. நெற்றியோரத்தில் மட்டும் தளர்வாகச் சுற்றினார். இறுக்கிப் பின்னிப் பின்னி அந்த ஓரம் வழுக்கையான உறவினர்களை அவருக்குத் தெரியும். வலித்தால் உடனே சொல், அவிழ்த்துவிடலாம் என்று பேத்தியிடம் மூன்று முறை சொன்னார். இரவில் சாட்டின் துணித் தொப்பி. மறுநாள் நூலை அவிழ்த்தபோது முடி கழுத்துக்கு இறங்கியிருந்தது. நீளம் முதலிலிருந்தே இருந்தது என்பதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். ஈரக் காற்று பட்டுச் சுருங்கியபோது சிரித்தாள்.

மாமியார்தான் மேடம் சி. ஜே. வாக்கரின் கதையையும் அவளுக்குச் சொன்னார். 1867இல் லூசியானாவில் பிறந்தவர், இயற்பெயர் சாரா ப்ரீட்லவ். முடி கொட்டத் தொடங்கியதால் முடித்தொழிலுக்குள் வந்து, 1919இல் இறப்பதற்குள் பெரும் செல்வம் சேர்த்த கறுப்பினப் பெண். அவரும் விளம்பரத்தில் ‘முன்’, ‘பின்’ என்று படம் போட்டார்; படத்தில் இருந்த தலை அவருடையதே. தலையைச் சுத்தமாக அடிக்கடி கழுவுங்கள் என்று சொல்லித்தான் கந்தகம் கலந்த களிம்பை விற்றார். விளம்பரத்துக்கு அவரும் சளைத்தவர் அல்ல. ஆனாலும் கழுவு என்று சொன்ன வியாபாரியை நான் கொஞ்சம் நம்புவேன்.

இப்போது எங்களுக்கு வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் இதற்கே போகிறது. மகள் மடியில் புத்தகத்தோடு தரையில் உட்கார்ந்துகொள்வாள், நான் பின்னால். பயன்படுத்துவது ஒரு சாதாரண கண்டிஷனர். அதன் புட்டியில் யாருடைய முகமும் இல்லை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஒன்று தருவேன். அதுவும் மூடிக்காக, எவ்வளவு குலுக்கினாலும் திறக்காத நல்ல மூடி. ஒரு டப்பாவைக் கழுவி மகள் தன் பின்னல் மணிகளைப் போட்டு வைத்திருக்கிறாள். பாடகியின் படத்துக்கு மேல் ஒரு காகிதம் ஒட்டி, ‘நீல மணி, 42’ என்று எழுதியிருக்கிறாள்.