சிபிஐஎம், எம்ஐடி, சாப், என்பிடெல்: ஸ்ரீசிட்டி பிளானர் எதைப் படிக்கலாம்?

ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீசிட்டி தொழில்நகரில், அதாவது தடா, சத்தியவேடு, வரதய்யபாளையம் பக்கத்துக் கம்பெனிகளில் பிளானிங், ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ் என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வருஷ அனுபவம் வந்ததும் ஒரு கேள்வி வந்துவிடும்: "அண்ணா, எந்த சர்டிபிகேட் பண்ணா பிரமோஷன் கிடைக்கும்?" பிரமோஷனுக்கு நான் பொறுப்பில்லை. எதைப் படித்தால் எந்த மேசையில் உதவும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் சாப்பை, அதாவது கம்பெனியின் ஸ்டாக், ஆர்டர் கணக்கை நடத்தும் மென்பொருளை, முடித்துவிடலாம். சென்னையில் அதன் பிபி (உற்பத்தித் திட்டம்), எம்எம் (பொருள் மேலாண்மை) மாட்யூல் சொல்லித்தரும் இன்ஸ்டிடியூட்டுகளுக்குக் குறைவில்லை. இண்டர்வியூவில் "எம்டி04 பார்க்கத் தெரியுமா?" என்று கேட்கிறார்கள் (ஒரு பார்ட்டின் இருப்பையும் தேவையையும் காட்டும் சாப் திரை அது), அதற்கு இது போதும். ஆனால் ஒரு பார்ட்டுக்கு அந்தத் திரை ஏன் திடீரென்று சிவப்பு காட்டுகிறது என்பது பட்டன் அமுக்கக் கற்றவருக்குப் புரியாது. கம்பெனியிலேயே சாப் இருந்தால் இதற்குக் கைக்காசு போடவே வேண்டாம். பக்கத்து சீட்டு சீனியருக்கு டீ வாங்கிக் கொடுத்தே கற்றுக்கொள்ளலாம்.

உண்மையான போட்டி உற்பத்தித் திட்டமிடலுக்கும் இருப்பு மேலாண்மைக்குமான சிபிஐஎம் சான்றிதழுக்கும் (கட்சியைச் சொல்லவில்லை), அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்தும் சப்ளை செயின் மைக்ரோமாஸ்டர்ஸ் படிப்புக்கும்தான்.

சிபிஐஎம் பழைய ஆள். 1957-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏபிக்ஸ் சங்கம் 1973-இல் கொண்டுவந்த சான்றிதழ். சங்கத்தின் பெயர் இப்போது ஏஎஸ்சிஎம். ஒரு காலத்தில் ஐந்து தேர்வு, பிறகு இரண்டு, எட்டாம் பதிப்பிலிருந்து ஒரே தேர்வு. மூன்றரை மணி நேரம், 150 கேள்வி. மதிப்பெண் 200-இல் தொடங்கி 350 வரை போகும், 300 எடுத்தால் பாஸ்.

அதில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஏசி தயாரிக்கும் லைனுக்கு நான்காவது வாரம் 400 மோட்டார் வேண்டும். ஸ்டோர்ஸில் 150, வழியில் 100. 50 எப்போதும் பாதுகாப்பு இருப்பாக நிற்க வேண்டும். 400-உடன் 50 கூட்டி 250 கழித்தால் 200. சப்ளையர் 120-இன் மடங்காகத்தான் தருவார், ஆகவே ஆர்டர் 240. இதுவரை சாப்பே போட்டுக் கொடுத்துவிடும். சரி, சப்ளையரின் லீட் டைம், அதாவது ஆர்டர் போட்டதிலிருந்து பொருள் கைக்கு வரும் காலம், ஆறு வாரம் என்றால்? ஆர்டர் போடும் முன்பே இரண்டு வாரம் லேட். சிவப்பு அதனால்தான்.

இந்த இடத்தில்தான் படிப்பு வேலை செய்கிறது. எந்த வாரம் எந்த மாடலை எத்தனை செய்வது என்ற மாஸ்டர் ஷெட்யூலில் எத்தனை வாரத்தை மாற்றாமல் உறைய வைக்க வேண்டும், அதற்குள் சேல்ஸ்காரர் மாற்றம் கேட்டால் யார் ஒப்புதல் தர வேண்டும், வேறு எந்த மாடலை முன்னால் இழுக்கலாம், எல்லாவற்றுக்கும் மேல் ஸ்டோர்ஸில் இருப்பதாகச் சொல்லும் 150 நிஜமாகவே 150தானா. வருஷக் கடைசியில் ஒரு நாள் கேட்டைப் பூட்டி எண்ணுவதைவிட, விலை உயர்ந்த ஏ வகைப் பொருட்களை அடிக்கடியும் விலை குறைந்த சி வகையை எப்போதாவதும் சுழற்சியாக எண்ணுவது ஏன் நல்லது என்பதை இந்தப் பாடம் விளக்குகிறது. நம் பக்கம் லைன் நிற்பதற்குப் பாதிக் காரணம் இருப்புக் கணக்கு பொய் சொல்வதுதான் என்பது என் எண்ணம்.

எம்ஐடி படிப்பு 2016-இல் எட்எக்ஸ் தளத்தில் வந்தது. ஐந்து பாடம், கடைசியில் ஒரு பெரிய தேர்வு. சான்றிதழ் வேண்டாமென்றால் வீடியோக்களை இலவசமாகப் பார்க்கலாம். நிகழ்தகவு, ரிக்ரெஷன், எக்செல் சால்வர் என்று கணக்கு நிறைய. ஒரு உதாரணம், எண்கள் என் கற்பனை: கோடை முடிந்து விற்காமல் நின்றுபோகும் ஒரு ஏசியால் 2,000 நஷ்டம், கேட்டவருக்கு இல்லை என்று சொன்னால் 6,000 லாபம் போச்சு. 6,000-ஐ, இரண்டையும் கூட்டிய 8,000-ஆல் வகுத்தால் 0.75. அதாவது, தேவை தாண்டாமலிருக்க 75 சதவீத வாய்ப்புள்ள எண்ணிக்கை வரை சீசனுக்கு முன்பே செய்து வைக்கலாம். அழகான சிந்தனை. ஆனால் பெரிய கம்பெனிக்குப் பார்ட் செய்து தரும் வெண்டர் கம்பெனி பிளானரிடம் இதை யாரும் கேட்பதில்லை. அந்தப் பெரிய கம்பெனி அனுப்பும் ஷெட்யூல்தான் அவருக்கு வேதம். தலைமை அலுவலகத்துக்கோ, ஓஎம்ஆர் பக்கம் அனலிஸ்ட் வேலைக்கோ தாவ நினைப்பவர், கணக்கு கசக்காதவர், தாராளமாக எம்ஐடி பக்கம் போகலாம். ஷாப் ஃப்ளோரிலேயே வளர நினைப்பவருக்கு என் ஓட்டு சிபிஐஎம்முக்கு.

சிபிஐஎம் தரும் அதே ஏஎஸ்சிஎம் சங்கத்தின் இன்னொரு சான்றிதழ் சிஎஸ்சிபி, 2006-இல் வந்தது. கம்பெனி கேட்டுக்கு வெளியே நடப்பது அதன் பாடம்: சப்ளையர், போக்குவரத்து, வாடிக்கையாளர். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் கன்டெய்னருக்குக் காத்திருப்பவருக்குப் பொருந்தும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனைச்சாவடிகள் போவதற்கு முன், எல்லையில் லாரி எப்போது கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நிச்சயமின்மைக்கும் சேர்த்துத்தான் ஸ்டாக் அடுக்கி வைத்தோம். லீட் டைம் ஆடும் அளவுக்குப் பாதுகாப்பு இருப்பும் ஏறும் என்ற பாடத்துக்கு இந்த ஊர்க்காரருக்கு வேறு விளக்கம் வேண்டாம். அரசு, பொதுத்துறைக் கொள்முதல் பிரிவை நோக்குபவர் ஐஐஎம்எம் (இந்தியப் பொருள் மேலாண்மை நிறுவனம்) டிப்ளமோவை விசாரிக்கலாம்.

இனி பணம். சிபிஐஎம் கட்டணம் டாலரில். புத்தகமும் தேர்வும் சேர்ந்தால் ஜூனியர் பிளானருக்குச் சில மாதச் சம்பளம் போய்விடும். அதனால் முதலில் என்பிடெல் என்ற இணைய வகுப்புத் தளத்தில் ஆபரேஷன்ஸ் அல்லது சப்ளை செயின் பாடம் ஒன்றை எடுங்கள். ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் 8 அல்லது 12 வார வகுப்பு, பார்ப்பது இலவசம், தேர்வுக்குத்தான் காசு, அதுவும் ஆயிரம் ரூபாய் அளவில். அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. ஷிப்ட் முடிந்து வந்து பன்னிரண்டு வாரம் விடாமல் அசைன்மென்ட் போட முடியாதவர் டாலரில் பணம் கட்டினாலும் படிக்கப்போவதில்லை.

அதைத் தாண்டியவர் சிபிஐஎம்முக்குப் பணம் கட்டும் முன் எச்ஆரிடம் பேசுங்கள். பாஸானால் பணத்தைத் திருப்பித் தருவார்களா, இத்தனை வருஷம் வேலையை விடக்கூடாது என்று பாண்ட் உண்டா என்பதை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், அந்தச் சான்றிதழ் ஐந்து வருஷத்துக்குத்தான். அதற்குள் 75 புள்ளி சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும், அந்தச் செலவு யாருடையது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.